கைக்கு அடங்கும் கார் எது?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வியாபாரம் செய்யும் என் அக்கா மகன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தான். "மாமா, ஒரு நல்ல கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். பென்ஸ், பி.எம்.டபிள்யூ. என்று போவதா, லெக்சஸ் போதுமா? ரயில்வேயில் காலமெல்லாம் போகி பார்த்தவர் நீங்கள், சொல்லுங்கள்" என்றான். பாதிப் பணம் கடன். அக்காவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நம் சங்கத்தில் வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

ஹேண்ட்லிங் என்றால் வண்டி கைக்கு அடங்குவது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது, வளைவில் எவ்வளவு சாய்கிறது, குழியில் இறங்கி ஏறியபின் எத்தனை ஆட்டத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் அடக்கம். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் அதன்பின் வரும் ஆட்டத்தை அடக்கும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் தூக்கம் வரும், ஆனால் வளைவில் வண்டி சாயும். கெட்டியாக இருந்தால் வளைவில் நிற்கும், இடுப்பு நோகும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 1955 முதல் ஸ்விஸ் வடிவமைப்பில் ஓடியது. 2000 வாக்கில் ஜெர்மனியிலிருந்து எல்.எச்.பி. பெட்டி வந்தது. அதன் போகியில் பெட்டியின் சாய்வைத் தடுக்க ஒரு கம்பி, போகி இப்படியும் அப்படியும் திரும்பியாடுவதை அடக்கத் தனி டாம்பர் என்று வைத்திருந்ததைக் கண்டு எங்கள் கேரேஜ் பிரிவில் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தோம். காரிலும் சங்கதி இதேதான்.

1989ல் லெக்சஸ் முதல் காரைக் கொண்டுவந்தபோது அதன் பெருமை நிசப்தம்தான். வளைவுகளில் ஜெர்மன்காரர்களுக்கே பேர் இருந்தது. பத்து வருஷம் கழித்து, பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸைக் குறிவைத்து ஐ.எஸ். என்ற சிறிய காரைச் செய்தார்கள். நம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் வேறு வழியில் போனது. பி.எம்.டபிள்யூ.வின் எம் பிரிவில் இருந்த ஆல்பர்ட் பியர்மன் என்ற இன்ஜினீயரை 2015ல் அழைத்துக்கொண்டது. அதே வருஷம் ஜெனிசிஸைத் தனிப் பெயராக்கியது. அவர்களின் ஜி70 கார் அமெரிக்காவில் மோட்டார் டிரெண்ட் பத்திரிகையின் 2019ம் வருஷக் கார் ஆனது. பழையவர்களுக்கு நாற்பது ஐம்பது வருஷ அனுபவம் சேர்த்த வித்தையைப் புதியவர்கள் ஆளை வைத்தே பாதி கற்றுக்கொண்டார்கள். இதில் தவறொன்றுமில்லை, எல்.எச்.பி.யையும் நாம் அப்படித்தானே கற்றோம்!

மீதி வித்தியாசம் எங்கே தெரியும்? 2020ல் பெங்களூர் பக்கம் பிடதியில் இணைக்கத் தொடங்கிய லெக்சஸ் இ.எஸ். முன்சக்கரத்தால் ஓடுவது. இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு சக்கரங்களின் வேலை. பென்ஸ் இ கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் இரண்டிலும் பின்சக்கரம் தள்ளும். முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும். அதனால் ஸ்டியரிங்கில் ஒரு தெளிவு இருக்கும். ஆனால் அதை உணர வேகமும் வளைவும் வேண்டும். அரண்மனைச் சாலையில் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்கிறவனுக்கு அது எதற்கு?

அங்கே உதைப்பது நீளம். 2024ல் வந்த நீளமான 5 சீரிஸில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3,105 மில்லிமீட்டர், இ.எஸ்.ஸில் 2,870. இடைவெளி கூடினால் குதிரான் தாண்டி பாலக்காட்டு நெடுஞ்சாலையில் வண்டி ஆடாமல் போகும், பின்சீட்டில் காலை நீட்டலாம். ஆனால் மட்டாஞ்சேரிச் சந்தில் திருப்ப இரண்டு தடவை ரிவர்ஸ் போட வேண்டும்.

டயரையும் பார்க்கச் சொன்னேன். அழகுக்காகப் பெரிய சக்கரம் போட்டால் ரப்பரின் பக்கச் சுவர் குறையும்; குழியின் அடி நேரே முதுகுக்குப் போகும். எந்தக் கம்பெனி கார் ஆனாலும் சிறிய சக்கரமுள்ள மாடலையே கேள் என்றேன். டெஸ்ட் டிரைவுக்கு நீ மட்டும் போகாதே, அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து முதலில் பஜார் ரோடு, பிறகு நெடுஞ்சாலை என்று இரண்டிலும் ஓட்டிப் பார், அதற்குமுன் அட்வான்ஸ் கொடுக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை போகிறார்கள். அக்கா ஒரு தலையணையும் எடுத்து வைத்திருக்கிறாள்.