நூற்புழு தின்ற வயலில் எழுந்த நகர்

நியூயார்க்கின் கிழக்கே கடலுள் நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டு, பனியாறுகள் சுமந்துவந்து கொட்டிய மணலாலும் சரளையாலும் ஆன தீவு. பனி உருகிய நீர் அம்மணலைத் தெற்கே பரப்பிச் சமவெளியாக்கிற்று. ஹெம்ஸ்டெட் சமவெளி எனப்படும் அந்நிலத்தில் நீர் தேங்காது; ஏரும் தடையின்றி ஓடும். உருளைக்கிழங்குக்கு ஏற்ற மண்.

1941இல் அங்கிருந்த உருளைக்கிழங்கு வயல்களில் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. வட அமெரிக்காவில் அதுவே முதல்முறை. பெண்புழு வேரைப் பற்றிச் சாறுண்டு பருத்து, முட்டைகளை உடலினுள்ளேயே சுமந்து மடியும். அதன் தோல் தடித்துக் கூடாகும். நூற்றுக்கணக்கான முட்டைகள் அக்கூட்டினுள் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். உருளைச் செடியின் வேர் கசியவிடும் வேதிப்பொருள் பட்டால் அவை விழித்துக்கொள்ளும். பயிரிடாது விட்டுப் புழுவைப் பட்டினி போடலாமெனில், உழவன் அதற்குமுன் பட்டினி கிடக்க வேண்டும்! நிலத்தை விற்க அவன் முன்வந்ததில் வியப்பில்லை.

அவ்வேளையில் இரண்டாம் உலகப்போரும் முடிந்தது. மீண்டுவந்த படைவீரர்க்குக் குடியிருக்க வீடில்லை. ஆயினும் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்தம் வீட்டுக்கடனுக்கு அரசின் பிணை இருந்தது. லெவிட் என்னும் கட்டுமான நிறுவனத்தார் ஐலண்டு ட்ரீஸ் என்னும் சிற்றூர்ப் பகுதியில் வயல்களை வாங்கி, 1947இல் பணி தொடங்கினர். கட்டுமானத்தை 27 படிகளாகப் பகுத்தனர். தொழிற்சாலையில் ஆள் நிற்கப் பொருள் நகரும். இங்கோ வீடு நிற்க ஆட்கள் நகர்ந்தனர். நிலவறை தோண்டாது, சமமான மணல்மீது கற்காரைத் தளமிட்டு, அதனுள் வெந்நீர்க் குழாய்களைப் பதித்து வீட்டைச் சூடேற்றினர். 1951க்குள் 17,447 வீடுகள் எழுந்தன. ஊர் லெவிட்டவுன் ஆயிற்று. வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கலாகாதெனத் தொடக்க ஒப்பந்தங்களில் எழுதியும் வைத்தனர். இதனை மறைத்து அவர்தம் தொழில்திறனை மட்டும் புகழ்தல் நேர்மையன்று.

வயல் போயினும் மணலின் இயல்பு மாறவில்லை. மழைநீரை விழுங்குவதுபோலவே கழிவையும் அது விழுங்கிற்று. சமவெளியெங்கும் பெருகிய குடியிருப்புகளின் கழிவுக்குழிகளிலிருந்தும் புல்தரைக்கு இட்ட உரத்திலிருந்தும் நைட்ரேட்டு, குடிநீர் ஊறும் படுகைகளில் இறங்கியது. அதனைத் தடுக்கப் புதைசாக்கடை வந்தது. வந்தபின் வேறொரு தொல்லை: முன்பு மண்ணுக்குத் திரும்பிய நீரெல்லாம் கடலுக்குச் சென்றது; நிலத்தடி நீர்மட்டம் தாழ, ஓடைகள் மெலிந்தன. எனினும், மழைநீரை நிலத்துள் இறக்குவதற்கென்றே வெட்டப்பட்ட ஊறுகுளங்கள் அப்பகுதியின் வீட்டு வரிசைகளிடையே நூற்றுக்கணக்கில் உள்ளன. அங்குள்ளோர் குடிப்பது இன்றும் அம்மணற்படுகை நீரையே.