எட்டாத மூக்கு

பிக்கப் டிரக்கின் அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாயில் கட்டைவிரல் பருமனில் ஒன்று திருகியிருக்கும், வாலாக நாலு ஒயர். அதுதான் ஆக்சிஜன் சென்சார். கண்ணுக்குத் தெரியும், கைதான் போகாது.

இதை அங்கே கொண்டுபோய் வைத்தவனைத் திட்டாத மெக்கானிக் இல்லை. ஆனால் அதற்கு வேறு இடமும் இல்லை. உள்ளே இருப்பது பிளாட்டினம் பூசிய ஜிர்கோனியா பீங்கான். சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் அது வேலை செய்யும். ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவருகிறது: பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் பக்கம், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் பக்கம். அதைப் பார்த்துத்தான் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவைக் கம்ப்யூட்டர் விடாமல் சரிசெய்கிறது. பாஷ் நிறுவனத்தின் இந்தக் கருவி 1976-இல் முதலில் வால்வோ காரில் ஏறியது. சீக்கிரம் சூடேற வேண்டுமென்று பிறகு உள்ளேயே ஹீட்டர் வைத்தார்கள். நாலு ஒயரில் இரண்டு அதற்குத்தான். பெரும்பாலும் முதலில் போவதும் அந்த ஹீட்டர்தான்.

அமெரிக்காவில் ஓடும் வி8 பிக்கப்களில் பொதுவாக நாலு சென்சார். ஒவ்வொரு சிலிண்டர் வரிசைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்கேனர் பி0155 என்று காட்டினால் இரண்டாம் வரிசை முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுவே முதல் வரிசை. ஃபோர்டு வி8-இல் அது பயணி பக்கம், செவ்ரோலே வி8-இல் டிரைவர் பக்கம். இது தெரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டு, செக் எஞ்சின் விளக்கு ஏன் அணையவில்லை என்று முழிப்பவர்கள் உண்டு. அதற்கும் முன்னால் ஹீட்டரின் ஃபியூஸைப் பாருங்கள்.

இனி கழற்றுவது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஊர்களில் மரை துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ஒயர் வெளியே வரப் பக்கவாட்டில் வெட்டுவிட்ட 22 மி.மீ. சாக்கெட், நீண்ட எக்ஸ்டென்ஷன், ஒரு ராட்செட் போதும். சில வண்டிகளில் அடிப்பக்கத்தைவிட முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரக்குழியின் பிளாஸ்டிக் மறைப்பை விலக்கினால் வழி நேராகக் கிடைக்கும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் திருகினால் இளகும். முரண்டுபிடித்து இழுத்தால் மரையும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் மரை வெட்டும் 18 மி.மீ. டேப் விட்டுச் சரிசெய்யும் வேலை வேறு.

புது சென்சாரின் மரையில், அது இறுகிப்போகாமலிருக்கப் பூசும் பசை பெரும்பாலும் பூசியே வரும். அது நுனியில் படக்கூடாது. முதலில் கையால் சுற்றி, மரை நேராகப் பிடித்த பிறகே ராட்செட்.

பலர் கோட்டைவிடுவது ஒயரில். கனெக்டர் பொருந்தவில்லையென்று வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள், ஈரம் புகாமலிருக்க கிரீஸ் அப்புவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டுமே, பல சென்சார்களுக்கு அது வருவது அந்த ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான். அடைத்துவிட்டால் புதுசும் தப்பாகவே மோந்துகொண்டிருக்கும்.