காற்று போனால் பிடிக்கும் பிரேக்

நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டி முடித்து நிற்கும் லாரிகளின் அடியில் குனிந்து பாருங்கள். பின் சக்கரங்களின் உள்பக்கம், இரண்டு டப்பாக்களை முதுகோடு முதுகு ஒட்டியது போல ஓர் இரும்பு உருளை தெரியும். அதுதான் ஸ்பிரிங் பிரேக்.

டிரைவர் ஹேண்ட் பிரேக் லீவரைப் போட்டதும் ‘புஸ்’ என்று கேட்கிறதே, அது காற்று வெளியேறும் சத்தம். உருளையின் ஒரு பாதிக்குள் கனத்த சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. வண்டி ஓடும்போது அதைக் காற்றுதான் அமுக்கி வைத்திருக்கும். காற்று போனதும் ஸ்பிரிங் விரிந்து தண்டைத் தள்ளும். தண்டு தள்ளுவதால் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோல் திரும்பும். லைனிங் டிரம்மில் இறுகும். காற்று இறங்கிப்போன வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே எடுக்க முடியாததும் இதனால்தான். கம்ப்ரஸர் ஓடி, டேங்கில் சுமார் 5, 6 பார் அழுத்தம் ஏறினால்தான் பிடி முழுதாக விடும்.

டிராக் (drag) பந்தயக் காரின் லைன் லாக் இதற்கு நேர் எதிர். மிதியை அழுத்திப் பொத்தானைத் தட்டினால், முன் சக்கர பிரேக் குழாயில் எண்ணெய் அழுத்தத்தை ஒரு வால்வு அடைத்து வைக்கும். முன் சக்கரங்கள் நிற்க, பின் டயர்களைச் சுழற்றிச் சூடேற்றலாம். சில நொடி வேலைக்கு அருமையான கருவி. ஆனால் அழுத்தம் கசிந்தால் பிடி விட்டுவிடும். லோடு வண்டியை அதை நம்பி நிறுத்த முடியாது.

ரயிலிலும் முதலில் இதே குறைதான். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கே இருக்காது. சில ஆண்டுகளில் அவரே அதை, காற்று போனால் தானே பிடிக்கும்படி மாற்றினார். என் கணிப்பில் அவர் செய்த பெரிய வேலை இந்தத் திருத்தம்தான்.

தொப்பூர் இறக்கத்தில் காற்றுக் குழாய் வெடித்தால் லாரி பிடித்து நின்றுவிடும். நகர்த்த வேண்டுமானால், உருளையின் பின்புறம் ரிலீஸ் போல்ட்டைச் செருகி, நட்டை ஸ்பேனரால் முறுக்கி ஸ்பிரிங்கை அமுக்குவார்கள். அதன்பின் அந்தச் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் கிடையாது. காற்று இல்லாததால் கால் பிரேக்கும் கிடையாது. அதனால் டயருக்குக் கட்டை போடாமல் அந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் இருக்கும் பாதியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். சீறி வெளியேறும் அந்த ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.