பூம்புகையிலிருந்து பூம்புகாருக்கு!

கண்டக்டருக்கு மூணு சொத்து. தோளில் பை, கையில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். பை தொலைந்தால் பணத்தைக் கட்டித் தொலைக்கலாம். டிக்கெட் கட்டு தொலைந்தால் மெமோ வாங்கிக்கொள்ளலாம். விசில் ஊத மூச்சே வரவில்லை என்றால்..?

எனக்கு வரவில்லை சார்!

2008, ஆடி அமாவாசை. காவிரி கடலில் கலக்கிற இடத்தில் முழுக்குப் போட ஊர்ப்பட்ட ஜனம். மாயவரம் - பூம்புகார் பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் தொங்கல். (மயிலாடுதுறை என்று போர்டு மாறி எத்தனையோ வருஷமாச்சு. என் வாய் இன்னும் மாறலை.) செம்பனார்கோயிலில் ஆள் ஏற்றிவிட்டு விசிலை ஊதினேன். 'பீப்' என்று வர வேண்டியது, 'ஃபுஸ்...' என்று வந்தது. மறுபடி ஊதினேன். விசிலுக்குப் பதில் இருமல் வந்தது. அதுவும் நிற்காத இருமல்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்ன மாப்ளே, டயர் பஞ்சரா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்கு வயசு 52. அதில் 34 வருஷம் சிகரெட்டோடு குடும்பம் நடத்தியவன் நான்.

ஆரம்பித்தது 1974ல். அதற்கு முந்தின வருஷம்தான் எங்க ஊர்க் கடற்கரையில் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைத் திறந்திருந்தார்கள். ஏழு நிலை மாடம், சுவரெல்லாம் கண்ணகி கதையைச் சொல்லும் சிற்பங்கள். வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்தது. சவுக்குத் தோப்புப் பக்கம் ஒரு டூரிஸ்ட் ஸ்டைலாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார். ஆசையாகப் பார்த்த எனக்கும் ஒண்ணு நீட்டினார். ஓசி! அந்த ஓசிதான் அப்புறம் 34 வருஷம் என் சம்பளத்தைத் தின்றது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய புகார்த் துறைமுகத்துக்கு என்னென்ன வந்தது என்று பட்டினப்பாலை ஒரு லிஸ்டே கொடுக்கிறது. குதிரை, மிளகு, பொன், மணி, சந்தனம், அகில், முத்து, பவளம்... அதில் புகையிலை கிடையாது. இருக்கவும் முடியாது. அது அமெரிக்கச் செடி. 1492ல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகுதான் மற்ற உலகத்துக்கே தெரிந்தது. நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்தது போர்த்துக்கீசியர்கள். ஆக, கோவலன் மாதவியால் கெட்டிருக்கலாம், பீடியால் கெடவில்லை!

பஸ்ஸுக்குள் 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருக்கும். "பெரியவரே, பீடியை அணைங்க!" என்று அதட்டுவது நான். தருமகுளத்தில் வண்டி நின்றதும் முதல் ஆளாகக் குதித்துப் பற்ற வைப்பதும் நான்.

விட முயற்சி பண்ணாமல் இல்லை. மூணு தடவை விட்டேன். முதல் தடவை சபரிமலைக்கு மாலை போட்டேன். 48 நாள் சுத்தம். மாலையைக் கழற்றிய கை, அடுத்து தீப்பெட்டியைத்தான் தேடியது. இரண்டாவது தடவை மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பத்தாவது நாள் திருட்டுத்தனமாக ஊதிவிட்டு, பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது நடுநடுங்கிப் போனேன். மூணாவது தடவை, சிகரெட்டுக்குப் பதில் பீடிக்கு மாறினேன். பீடி இலைதானே, மூலிகை மாதிரி என்று யாரோ சொன்னதை நம்பி! பீடிப் புகையில் நிகோடினும் தாரும் சிகரெட்டைவிடக் குறைச்சல் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இந்த மூணு தடவையிலும் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. பொய். வாயில் ஏலக்காய், சட்டையில் பவுடர், "பக்கத்து சீட்டுக்காரர் ஊதினார்" என்று கதை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஆடி அமாவாசை முடிந்த வாரம் என் மனைவி கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சளி டெஸ்ட், எக்ஸ்ரே. ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை. காரணம், என் பெரியண்ணன். அவர் பீடி. 1996ல் டி.பி.யில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு டி.பி. இல்லை. ஆனால் மூச்சுக் குழாய் சுருங்க ஆரம்பித்திருந்தது. அண்ணன் கதையைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சென்னையில டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டுல ரிச்சர்டு பீட்டோவும் சேர்ந்து நம்ம தமிழ்நாட்டுலயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இறந்துபோன 43,000 ஆம்பளைங்க, உயிரோட இருக்கிற 35,000 பேருன்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2003ல லான்செட் பத்திரிகையில வந்தது. இந்தியாவுல டி.பி.யில சாகிற ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் சாவுக்குப் புகைதான் ஒரு காரணம்!"

எனக்குத் தொண்டை அடைத்தது. கிருமிதான் அண்ணனைக் கொன்றது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"இனிமே விட்டு என்ன டாக்டர் பிரயோஜனம்?" என்றேன்.

"பிரிட்டன்ல 1951லேருந்து 50 வருஷம் டாக்டர்களையே கவனிச்சு ஒரு ஆராய்ச்சி நடந்தது. விடாம பிடிக்கிறவங்க சராசரியா பத்து வருஷம் முன்னாடியே போயிடுறாங்க. 60 வயசுல விட்டா அதுல மூணு வருஷம் திரும்பக் கிடைக்கும். 50ல விட்டா ஆறு. 30ல விட்டா கிட்டத்தட்ட பத்துமே கிடைக்கும். உங்களுக்கு 52. பஸ் இன்னும் கிளம்பலை கண்டக்டர் சார், ஏறிக்குங்க!"

அன்று ராத்திரி திண்ணையில் குடும்ப மாநாடு. நான், மனைவி, காலேஜில் படித்த மகள், 74 வயசு அம்மா. நான் வழக்கம்போல, "சத்தியமா சொல்றேன்..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தியமெல்லாம் வேணாங்க!" என்று மனைவி வெட்டினாள். "நீங்க சத்தியம் பண்ணினா அப்புறம் பொய்யும் சொல்லணும். பிடிச்சா பிடிச்சேன்னு சொல்லுங்க. அது போதும். திட்ட மாட்டேன்."

மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். "பஸ்ல இன்வாய்ஸ் போடுறீங்கல்லப்பா, அதே மாதிரி இதுலயும் போடுங்க. எத்தனை மணிக்கு, எந்த ஸ்டாப்புல, எதுக்காக. ஒரு வாரம் குறைக்கவே வேணாம், எழுதுங்க."

அம்மா மட்டும் பேசவில்லை. வெற்றிலையும் புகையிலையும் வாயில் இருந்ததால் பேச முடியவில்லை. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னாள்: "ஒரு பிள்ளையைப் புகைக்குக் குடுத்துட்டேன்டா தம்பி. நீ ஊதறதை விடு. நான் மெல்லறதை விடறேன்."

புகையிலையை மென்றாலும் அதே நிகோடின்தான், கூடவே வாய்ப் புற்றுநோயும் வரும் என்று டாக்டர் சொன்னதை மகள் அவளுக்கு ஓதியிருக்கிறாள் போல.

ஒரு வாரம் கழித்து மகள் கணக்குப் பார்த்தாள். ஒரு நாளைக்கு 14. அதில் ஆறு டீயோடு, மூணு சாப்பாட்டுக்கு அப்புறம், ஒண்ணு காலைக்கடனுக்கு. மிச்சம் நாலு சும்மா, பக்கத்தில் இருப்பவர் பற்ற வைத்ததற்காக! "அப்பா, உங்களுக்கு சிகரெட் ஆசையைவிட டீக்கடை ஆசைதான் ஜாஸ்தி" என்றாள். பளிச்சென்று விளங்கியது. டீயை நிறுத்தினேன். மனைவி இரண்டு பிளாஸ்க் கொடுத்தனுப்பினாள். ஒன்றில் சுக்கு காபி, ஒன்றில் நீர்மோர். பையில் சில்லறையோடு கிராம்பும் நெல்லிக்காயும் குலுங்கின. டாக்டர் எழுதிக் கொடுத்த நிகோடின் சூயிங்கமும் உண்டு. அதைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, மறுபடி மெல்ல வேண்டும்.

விடுவதற்குக் குறித்த நாள் 2008 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி. பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை நாடு முழுக்க அமலுக்கு வந்ததும் அன்றைக்குத்தான். சர்க்காரும் நானும் ஒரே நாளில் முடிவெடுத்தோம்!

முதல் மூணு நாள்... ஐயோ! தலைவலி, எரிச்சல், கை நடுக்கம். பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டவரிடம் சண்டை போட்டேன். டாக்டர் சொல்லியிருந்தார்: "ஆசை வந்தா சில நிமிஷம்தான் இருக்கும். ஒரு ஸ்டாப் தாங்குங்க, அடுத்த ஸ்டாப்புல அதுவே இறங்கிடும்." வீட்டில் நான் கத்தினால் யாரும் பதிலுக்குக் கத்தவில்லை. மகள் நோட்டில் எழுதுவாள்: 'இரவு 8.10. சாம்பாரில் உப்பு இல்லை என்று சத்தம். காரணம்: நிகோடின்.' படித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

பத்தொன்பதாம் நாள் சறுக்கினேன். சாவு வீடு. பந்தலுக்கு வெளியே நாலு பேர் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் நீட்டினார். வாங்கிவிட்டேன். ஒண்ணு இல்லை, மூணு.

வீட்டுக்கு வரும் வழியில் கை தானாக ஏலக்காயைத் தேடியது. பழைய பழக்கம். வாசலில் மனைவி நின்றாள். என்ன தோன்றியதோ, ஏலக்காயைக் கீழே போட்டுவிட்டு, "மூணு பிடிச்சுட்டேன்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. ஆனால் திட்டவில்லை. "சொன்னீங்கல்ல, அது போதும். உள்ள வாங்க" என்றாள்.

அப்போது திண்ணை மூலையிலிருந்து ஒரு குரல். "அடியே... நானும் அப்பப்ப ஒரு துண்டு போட்டுக்கறேன்." அம்மா! சுருக்குப் பையின் மடிப்பிலிருந்து புகையிலையை எடுத்து நீட்டினாள். இரண்டு விநாடி யாரும் பேசவில்லை. அப்புறம் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, ரெண்டு பேரும் மறுபடி முதல் ஸ்டேஜ்லேருந்து ஏறுங்க. டிக்கெட் நான் தர்றேன்!"

அன்றைக்குப் பிறகு நான் தொடவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் அழுது சண்டை போட்டிருந்தால், ஏலக்காயும் பவுடருமாக இன்னும் இருமிக்கொண்டிருப்பேன். அல்லது இருமக்கூட ஆள் இருந்திருக்க மாட்டேன்.

அப்போது சிகரெட் இரண்டரை ரூபாய். 14 என்றால் நாளைக்கு 35. அதை மகள் தினமும் உண்டியலில் போட வைத்தாள். ஒரு வருஷத்தில் 12,775 ரூபாய். அன்றைய விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு பவுன்! அவள் கல்யாணத்தில் அது கழுத்தில் மின்னியது. விட்டு 15 வருஷம் ஆனால் இருதய நோய் அபாயம், பிடிக்காதவர்கள் அளவுக்கு இறங்கிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 15 வருஷத்தையும் தாண்டிவிட்டேன்.

இப்போது உதவிக்கு வழியும் அதிகம். 1800-11-2356 என்ற இலவச எண்ணை 2018லிருந்து பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். பற்ற வைக்கிற கையாலேயே போன் போடலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சத்தியம் வாங்காதீர்கள். உண்மையைச் சொல்ல இடம் கொடுங்கள்.

2014ல் ரிடையர் ஆனேன். கடைசி நாள், கடைசி சிங்கிள், பூம்புகார் ஸ்டாண்டில் ஒரு விசில் ஊதினேன். கலைக்கூடம் வரைக்கும் கேட்டதாக டிரைவர் சொன்னார். கொஞ்சம் மிகைதான், இருந்தாலும் மறுக்கவில்லை.

அம்மா 2017ல், 83 வயசில், தூக்கத்திலேயே போனாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் சுருக்குப் பையை எடுத்தேன். மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். நாலு வெற்றிலை, இரண்டு கிராம்பு, பதினோரு ரூபாய்.

புகையிலை இல்லை. அம்மா கணக்கில் ஷார்டேஜ் கிடையாது.