குடத்தைக் கவிழ்த்து நீந்தினார்கள்!

அம்பத்தூரிலோ, திருமுல்லைவாயிலிலோ, பட்டாபிராமிலோ பழைய ஊர்த் தெருப் பக்கம் போக நேர்ந்தால், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பாட்டி யாராவது வாசலில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், "பாட்டி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டு வையுங்கள். "ஏம்மா, ஏரிக்கரையிலே பொறந்துட்டு நீச்சல் தெரியாமப் போயிடுமா?" என்று எதிர்க் கேள்வி வந்தாலும் வரும்.

யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. வாத்தியாரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. இடுப்பில் சுமந்துபோன பித்தளைக் குடம்தான் வாத்தியார். குடத்தை வாய் கீழாகக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று அடைபட்டுக்கொள்ளும். பிறகு அது முழுக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு காலை உதைத்தால் உடம்பு தானாக நகரும். நாலு நாள் கழித்து ஒரு கையை விட்டுப் பார்ப்பது. பத்து நாளில் குடம் கரையில் இருக்கும், பெண் தண்ணீரில் இருப்பாள்! பையன்களுக்குச் சுரைக் குடுக்கை, வாழைத் தண்டு, மட்டை உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டைக் கயிற்றில் பிணைத்தது என்று வகை வகையான உபகரணங்கள் உண்டு.

இன்றைக்கு அதே ஊர்களில் 'ஏரியைப் பார்த்த வீடு' என்றால் விலை ஒரு படி அதிகம். நாலாவது மாடியில் நின்று காப்பியை உறிஞ்சிக்கொண்டு நீரில் இறங்கும் நாரைகளை ரசிக்கிறோம். அந்த அடுக்கு வீடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஐம்பது கெஜ தூரம் நீந்தக் கூடியவர்கள் இரண்டு பேர் தேறுவார்களா என்பது சந்தேகம்தான். அதிலும் பெண்கள்?

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை இருந்தால் கேட்க மாட்டீர்கள். மே மாத விடுமுறை. "கிரிக்கெட் ஆடப் போறேம்மா" என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். பதினொரு மணிக்கு ஆட்டம் முடிகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஏரி மினுமினுக்கிறது. அவனோடு போன ஆறு பேரில் ஒருவனுக்கு அரைகுறையாக நீந்தத் தெரியும். மற்ற ஐவருக்கும் அதுவே தைரியம். நம் நாட்டில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்பவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. உலகம் முழுவதும் 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏரி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதி அபாயம் புரிந்துவிடும். ஏரியைக் கிண்ணம் என்று நினைக்காதீர்கள், அது முறம்! முறத்தின் வாய்ப்பக்கம் தட்டையாக இருக்கிறதல்லவா? அதுதான் மழை நீர் ஓடிவந்து சேரும் பக்கம். அங்கே தரை மெள்ள மெள்ளச் சரியும். முறத்தின் விளிம்பு உயர்ந்திருக்கும் பக்கம் ஏரிக்கரை. கரையை நெருங்க நெருங்க ஆழம் கூடும். எல்லாவற்றிலும் ஆழம் மதகடியில். மதகு திறந்திருக்கும்போது நீர் அடியோடு இழுக்கும். மேலே சலனமே தெரியாது. மிகுதி நீர் வழியும் கலங்கலோ பாசி படிந்து வழுக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் குழந்தைகளைக் கரைப் பக்கம் விடாமல், எதிர்ப் பக்கம் கூட்டிப் போனார்கள்.

அந்தக் கணக்கும் இப்போது செல்லாது. மண் வெட்டி எடுத்த ஏரிகளில் எந்த இடத்தில் பள்ளம் என்று ஏரிக்கே தெரியாது! முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்த பையன் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் இருப்பான். அடியில் களிமண் சேறு காலைக் கவ்வும். ஆகாயத் தாமரை படர்ந்திருந்தால் அதன் வேர்கள் கை காலை வீச விடாது.

இன்னொரு விஷயமும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழம், 364 கோடியே 50 லட்சம் கன அடி கொள்ளளவு. புழல் 330 கோடி கன அடி. இரண்டும் பட்டணம் குடிக்கிற தண்ணீர். அதில் குளிக்க அனுமதி கிடையாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து இரட்டை ஏரிக்கு என்று சங்கிலி போலத் தண்ணீர் போகும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கச் சொல்லி அங்கே குடியிருப்பவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். அப்படிப்பட்ட நீரில் இறங்கினால் சொறி, காதுவலி, எலிக் காய்ச்சல் எல்லாம் கூடவே வீட்டுக்கு வரும். ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் நடைபாதையும் படகும் வந்தன. குடும்பத்தோடு போய்ப் படகில் சுற்ற அருமையான இடம். திருவேற்காட்டை ஒட்டி ஓடும் கூவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சையப்ப முதலியார் அந்தக் கூவத்தில் நீராடிவிட்டுக் கோயிலுக்குப் போனாராம்!

ஆகவே, "ஏரியில் போய் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஏரி வேண்டாம் என்பதற்காக நீச்சலையே விட்டுவிட்டோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் தண்ணீர் நம்மை விடப் போவதில்லை. பூண்டி ஏரிக்கு வரும் நீரில் ஒரு பங்கு நகரி மலைகளில் பெய்த மழை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் அந்த மலைகளையே தேடிப் போகிறார்கள். ஆவடியிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம், கைலாசகோனா அருவி என்று ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். மலைச் சுனையின் நீர் பளிங்கு மாதிரி இருக்கும். அதுதான் மோசம்! மேலிருந்து நேராகப் பார்த்தால் எட்டு அடி ஆழம் ஆறு அடியாகத் தோன்றும். தலைகீழாகப் பாய்ந்தால் கீழே பாறை காத்திருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறி, வாய் தானாகத் திறந்து நீரைக் குடிக்கும். இங்கே வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டில் ஏறிவிட வேண்டும்.

"இந்த வயசில் எனக்கு எதுக்கு நீச்சல்?" என்கிறீர்களா? கல்கத்தாவில் ஆரத்தி சாஹா என்று ஒரு சிறுமி இருந்தாள். நான்கு வயதில் மாமாவோடு படித்துறைக்குக் குளிக்கப் போன இடத்தில் தண்ணீர் மேல் ஆசை பிடித்தது. 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் நீந்தினாள். 1959 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கப் போய்த் தோற்றாள். அடுத்த மாதம் 29-ந் தேதி மறுபடி இறங்கி, பதினாறு மணி நேரத்துக்கு மேல் நீந்தி, அதைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனாள். நம் பாக் ஜலசந்தியை 2004-ல் கடந்த புலா சௌத்ரியும் வங்காளத்துப் பெண்மணிதான். நீங்கள் கால்வாய் எதையும் கடக்க வேண்டாம். மல்லாந்து ஐந்து நிமிஷம் மிதக்கத் தெரிந்தால் போதும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும்.

மெரினாவில் அரசாங்க நீச்சல் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகமே இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து தினமும் அங்கே போய் வர யாரால் முடியும் என்று கேட்டால் நியாயம்தான். அதனால் பள்ளிக்கூடங்களிலும் தனியார் இடங்களிலும் பக்கத்தில் குளம் உண்டா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, சொல்லித் தருபவர் நீரில் இறங்குகிறவரா, நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிறவரா என்று நேரில் போய் விசாரியுங்கள். பிள்ளைகளிடம் இதையும் சொல்லி வையுங்கள்: குளத்தில் நீந்துகிறவனுக்கு நாலு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டு; ஏரியில் கிடையாது.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கிரிக்கெட் ஆட வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கினார்கள். நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். துணி துவைக்க வந்திருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி என்ற மூன்று பெண்களும் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து நீரில் வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பற்றிக் கரை ஏறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அரசாங்கம் மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது. ஒரு சேலை 18 அடி நீளம். நாள் முழுக்க நம் உடம்போடு இருக்கும் கயிறு அது என்று நம்மில் எத்தனை பேருக்கு அந்த நேரத்தில் தோன்றும்?

நீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருகிற மாதிரி கூச்சல் போட மாட்டார். வாய் நீர்மட்டத்தில் இருக்கும்போது குரல் எப்படி எழும்பும்? சத்தமில்லாமல் தலை அண்ணாந்து, கைகள் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தால் அதுவே அடையாளம். நீங்கள் குதித்துவிடாதீர்கள், அவர் உங்களையும் சேர்த்து அமுக்குவார். எதையாவது வீசுங்கள், நீட்டுங்கள். வெளியே எடுத்ததும் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது, தலையில் தூக்கி வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் பொன்னான நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊத வேண்டும். மார்பின் நடுவே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த தடவை பிள்ளைகளோடு அருவிக்கோ ஆற்றுக்கோ கிளம்பும்போது, புளியோதரைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மூடியை இறுக்கி மூடிய ஐந்து லிட்டர் காலிப் பிளாஸ்டிக் கேன் ஒன்றையும், அதன் கைப்பிடியில் கட்டிய நாற்பது அடிக் கயிற்றையும் வையுங்கள். பாட்டியின் குடம் செய்த வேலையை அதுவும் செய்யும்.