எந்த அன்டோனினஸ்?

ஏலத்துக்கு வந்த ஒரு ரோமானிய வெள்ளிக் காசு. தலைப்பக்கத்தில் இலைமாலை சூடிய ஒரு பையன். கன்னத்தில் தாடி அப்போதுதான் அரும்புகிறது. விளிம்பைச் சுற்றி 'இம்ப் அன்டோனினஸ் பியஸ் அவ்க்' என்று லத்தீன் எழுத்துகள். ஏலப் பட்டியலில் அதன் கீழே 'பேரரசர் அன்டோனினஸ் பியஸ், கி.பி. 138–161' என்று போட்டிருக்கும். எழுதியவர் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. ஆனாலும் அறுபது ஆண்டு பிசகிவிட்டது. அந்தப் பையன் எலகபாலஸ்; 218-இல் 14 வயது வாக்கில் அரியணை ஏறி, 222-இல் கொல்லப்பட்டவர்.

ரோமானியக் காசு ஏலங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பிழை இது. இதன் வேர் அந்தக் கால அரசியலில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சியைப் பிடித்த செப்டிமியஸ் செவரஸுக்கு, மதிப்புள்ள ஒரு வம்சத்தோடு உறவு தேவைப்பட்டது. 180-இல் இறந்துபோன மார்கஸ் அரேலியஸின் மகன் என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டார். தன் மூத்த மகனுக்கும் மார்கஸ் அரேலியஸ் அன்டோனினஸ் என்றே பெயரை மாற்றினார். அந்த மகனைத்தான் நாம் காராகல்லா என்கிறோம். அது அவர் விரும்பி அணிந்த மேலங்கியால் வந்த பட்டப்பெயர். எந்தக் காசிலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு எலகபாலஸின் முறை. 'இவன் காராகல்லாவின் பிள்ளை' என்று சொல்லித்தான் அவருடைய பாட்டி ஜூலியா மேசாவின் தரப்பு படைவீரர்களைத் தன் பக்கம் இழுத்தது. அவருக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. ஆக, பியஸ், மார்கஸ் அரேலியஸ், காராகல்லா, எலகபாலஸ் நால்வருமே காசில் அன்டோனினஸ்தான்.

பிரித்தறிய வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது சொல் வரிசை. பியஸ் பெரும்பாலும் 'அன்டோனினஸ் அவ்க் பியஸ்' என்று பொறித்தார். காராகல்லாவின் நடு ஆண்டுகளில் அது 'அன்டோனினஸ் பியஸ் அவ்க்' என்று இடம் மாறுகிறது. எலகபாலஸ் முன்னால் ஒரு 'இம்ப்' சேர்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம். இதோடு முகத்தையும் பார்க்க வேண்டும்: பியஸுக்கு அடர்ந்த தாடி, நடுவயதைத் தாண்டிய அமைதி. காராகல்லா காசுக்குக் காசு வளர்கிறார். குழந்தை முகத்தில் தொடங்கி, கடைசியில் புருவம் நெரித்த முரட்டு முகம்.

காசைத் திருப்பினால் இன்னும் தெளிவு. எலகபாலஸின் பல காசுகளில் வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். சிலவற்றில் 'எலகப்' என்றே இருக்கும். அது அவர் பெயரன்று, அவர் பூசாரியாக இருந்த சூரியக் கடவுளின் பெயர். இறுதி ஆண்டுக் காசுகளில் நெற்றிக்கு மேலே கொம்பு போன்ற ஒன்று நீண்டிருக்கும். அது தெரிந்துவிட்டால் எழுத்தே வேண்டாம்.

தலையில் இலைமாலைக்குப் பதில் கதிர்முடி இருக்கும் வெள்ளிக் காசானால், வேலை இன்னும் எளிது. அந்த வகையை 215-இல் தொடங்கியவர் காராகல்லா. பியஸ் காலத்தில் கதிர்முடி பித்தளைக் காசுக்கு உரியது. ஒரே விதிவிலக்கு: 250 வாக்கில் பேரரசர் டெசியஸ் முந்தைய பேரரசர்களை நினைத்து அடித்த வரிசையில் பியஸும் கதிர்முடியோடு வருவார். அதில் 'திவோ பியோ', அதாவது 'தெய்வமான பியஸுக்கு' என்றிருக்கும்.

பெயர்க் குழப்பம் பணத்தையும் பாதிக்கும். 238-இல் ஆப்பிரிக்காவில் சுமார் மூன்று வாரமே ஆண்ட கோர்டியன் தந்தை, மகன் காசுகள் அரியவை. பேரனான மூன்றாம் கோர்டியனின் காசுகளோ ஏராளம். 'ஆஃப்ர்' என்ற மூன்று லத்தீன் எழுத்துகள் இருந்தால்தான் முதலிருவரின் காசு. அந்த எழுத்துகளின் படத்தைக் காட்டாமல் விற்கும் காசை நான் நம்பமாட்டேன்.

நம் கோவை, கரூர்ப் பக்கப் புதையல்களில் நிறையக் கிடைத்த பேரரசர் டைபீரியஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசுக்கும் இதே கதிதான். அதில் 'சீசர்' உண்டு, 'அகஸ்டஸ்' உண்டு; இரண்டும் அவர் பிறப்புப் பெயரல்ல. அவரது சொந்தப் பெயர் தொடக்கத்தில் வரும் 'டி', 'ஐ' என்ற இரண்டே எழுத்துகள். அச்சு சற்று விலகி விழுந்தாலே அவை விளிம்போடு போய்விடும். உடனே ஜூலியஸ் சீசர் என்றோ அகஸ்டஸ் என்றோ சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அப்போதும் பின்பக்கம் கைகொடுக்கும்: நாற்காலியில் அமர்ந்த பெண் இருந்தால் பெரும்பாலும் டைபீரியஸ், கேடயங்களோடு நிற்கும் இரண்டு பேரப்பிள்ளைகள் இருந்தால் அகஸ்டஸ்.