நாற்காலியிலிருந்து தொடங்குவோம்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை, எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் தாயார் வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது 78. நல்வாய்ப்பாக எலும்பு எதுவும் முறியவில்லை; ஆனால், தானாக எழ அவரால் முடியவில்லை. ஓடிச் சென்ற எனக்கு வயது 54. இரு கைகளையும் கொடுத்துத் தூக்க முயன்றேன், இயலவில்லை. மூன்றாம் முயற்சியில் என் முதுகு பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு வந்தார் பக்கத்து வீட்டு அக்கா. அறுபதைக் கடந்தவர், நாள்தோறும் மீன்கூடை சுமப்பவர். அம்மாவின் பின்னால் குந்தி, இடுப்பை அணைத்துப் பிடித்து, ஒரே மூச்சில் எழுப்பி நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, ஆபீசுல உக்காந்து உக்காந்து கை காலுல சத்தே போயிடுச்சா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கோ அது உறைத்தது.

நான் பிறந்து வளர்ந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம். பெரும்பகுதி இடுப்பளவு ஆழமே கொண்ட அந்த ஏரியில் கழி ஊன்றி ஓடம் தள்ளியும், கடலில் துடுப்பு வலித்தும் வாழ்ந்தவர் என் தந்தை. 'உடற்பயிற்சி' என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை; அதற்கான தேவையும் அவருக்கு இருந்ததில்லை. நானோ படித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் 28 ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக விருப்ப ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன். திரும்பும்போது உடன் வந்தவை பிதுங்கிய வயிறும், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளும்தாம்.

இது என் ஒருவனின் கதையன்று. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வின்படி, 2022-இல் இந்தியாவின் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு அற்றவர்கள். பெண்களில் இது 57 விழுக்காடு. ஆண்களில் 42 விழுக்காடு. நடை, ஓட்டம், வேலை ஆகியவற்றில் உடல் அசையும் நேரத்தை மட்டும் கொண்டு எடுக்கப்பட்ட கணக்கு இது. தசைவலிமை இக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு பகுதிகளைக் கொண்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது முதற்பகுதி. உடலின் முதன்மையான தசைத்தொகுதிகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியை நம் மருத்துவர்கள் 'நடங்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், நாமும் நடக்கிறோம். இரண்டாம் பகுதியை நமக்கு எவரும் சொல்வதில்லை. சொன்னாலும், அது இருபது வயது இளைஞர்களுக்கும் கண்ணாடி பதித்த உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் உரியது என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

உண்மையில் வலிமைப் பயிற்சி இளைஞர்களைவிட நடுவயதினருக்கும் முதியோருக்குமே கூடுதலாகத் தேவைப்படுகிறது. முப்பது வயதைக் கடந்தபின், பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இந்தத் தேய்வு விரைவுபடுகிறது. இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர். எடை பார்க்கும் கருவியில் இது தெரியாது. குறைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுகிறது. உணவுக்குப்பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வதும் தசைதான். ஆகவே, தசை தேயும்போது சர்க்கரைக்கான கிடங்கும் சுருங்குகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று மதிப்பிட்டது. அத்தகைய நாட்டில் தசையை அழகுக்கான அணியாக மட்டும் கருதுவது பெரும்பிழை.

'உழைப்பவர்கள் வாழும் ஊரில் உடற்பயிற்சி எதற்கு?' என்று கேட்கலாம். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. வலையில் விழும் மீனுக்கேற்ப உழைப்பு அமைகிறது. பயிற்சியோ உடல் தாங்கும் அளவுக்கேற்ப அமைகிறது. வலை இழுப்பவரின் தோளும் முதுகும் ஒரே அசைவில் ஆண்டுக்கணக்கில் தேய்கின்றன. நோகிறது என்பதற்காக அவர் பாதியில் வலையை விட்டுவிட முடியாது. மேலும், உழைப்பின் தன்மையும் மாறிவிட்டது. துடுப்பின் இடத்துக்கு இயந்திரம் வந்துவிட்டது. தலைச்சுமையாகச் சந்தைக்குச் சென்ற கூடைகளில் பல இன்று ஆட்டோவில் செல்கின்றன. இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது; அந்தப் பாடுகளிலிருந்து விடுபடத்தான் எங்கள் பெற்றோர் எங்களைப் படிக்க வைத்தார்கள். ஆனால், உழைப்பு தானாகத் தந்துகொண்டிருந்த வலிமையை இனி நாம் தனியே தேடித்தான் பெற வேண்டும்.

நானும் தேடினேன்; தவறாகத் தேடினேன். கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, முதல் நாளே இருபது தண்டாலுக்கும் ஐம்பது பஸ்கிக்கும் முயன்றேன். மறுநாள் படியிறங்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் வலி இன்னும் கூடியது. 'இது நமக்கு ஆகாது' என்று முடிவுகட்டினேன். பழகாத தசையில் ஓரிரு நாள் கழித்து உச்சமடையும் வலி இயல்பானது என்பதும், அந்த அளவு வலி வரும்படி தொடங்கியதே பிழை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பயிற்சியைப் பாதியில் கைவிடுவோரில் பலர் சோம்பேறிகள் அல்லர். முதல் வாரத்தில் அளவுக்கு மீறிச் செய்தவர்கள்.

வழிகாட்டியவர், அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர். அம்மாவை நாற்காலியில் அமரவைத்து, கைகளை ஊன்றாமல் எழச் சொன்னார். அம்மாவால் முடியவில்லை. நாற்காலியின்மேல் இரண்டு தலையணைகளை அடுக்கி, உயரத்தைக் கூட்டி, மீண்டும் எழச் சொன்னார். எழுந்தார். "இதுதான் உங்கள் பயிற்சி. ஐந்து முறை செய்யுங்கள், எளிதானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள்" என்றார். பின்பு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கள் தலையணை இல்லாமல்" என்றார்.

அவர் கற்றுத்தந்தவை ஆறு அசைவுகள். முதலாவது, நாற்காலியில் அமர்ந்து எழுவது. நாளடைவில் இது நாமறிந்த தோப்புக்கரணமாக மாறும். இரண்டாவது, சுவரில் கைகளை ஊன்றிச் செய்யும் தண்டால். எளிதானபின் மேசை விளிம்பிலும், அதன்பின் படிக்கட்டிலும், கடைசியாகத் தரையிலும் செய்யலாம். மூன்றாவது, ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் முன்சாய்ந்து, தண்ணீர் பாட்டில்கள் இட்ட துணிப்பையை மறு கையால் இடுப்புவரை இழுப்பது. நான்காவது, முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கி, வாளியைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வது. ஐந்தாவது, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஆறாவது, இரு கைகளிலும் சம எடையுள்ள வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. அமர்வது, தள்ளுவது, இழுப்பது, எடுப்பது, நிற்பது, சுமப்பது என்று அன்றாட வாழ்க்கை கேட்கும் அசைவுகள் இந்த ஆறில் அடங்கிவிடுகின்றன.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, சற்று ஓய்வுக்குப்பின் மீண்டும் ஒரு சுற்று. சுமந்து நடப்பதற்கு மட்டும் எண்ணிக்கை வேண்டாம். முப்பது, நாற்பது அடி நடந்து வைத்தால் போதும். மொத்தம் அரை மணி நேரம் ஆகும். இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து 12 முறை எளிதாக வந்துவிட்டால், சுமையைச் சிறிது கூட்ட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த இரும்பு எடைகள் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியைவிடத் துல்லியமான எடைக்கருவி ஏது? நான் கைக்கு நான்கு லிட்டரில் தொடங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் கூட்டினேன்.

சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டும் இம்முறைக்கு மருத்துவத்தில் இடம் பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இம்முறையில் பயிற்சியளித்து, அதன் பலனை 1945-இல் கட்டுரையாக வெளியிட்டார். நம் ஊர்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது; நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் அது நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். கல் தலைக்குமேல் போகும் அந்த ஒரு கணத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னிருந்த பயிற்சி நாள்களைப் பார்ப்பதில்லை.

பயிற்சியைப் போலவே ஓய்வும் இன்றியமையாதது. எங்கள் ஏரியில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. தன் முறை வரும்வரை ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். தசைக்கும் அப்படியொரு முறை தேவை. பயிற்சி தசையைத் தூண்டுகிறது. அது வலுப்பெறுவது இடைப்பட்ட நாள்களில். ஆகவே, அடுத்தடுத்த நாள்களைத் தவிர்த்து, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள்கள் போதும். முதல் சில வாரங்களில் தோற்றத்தில் மாற்றம் தெரியாது. அப்போது கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புமண்டலம் தசையைத் திறம்பட இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணாடியை நம்பித் தொடங்குபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்கிறார்கள். கண்ணாடியை விடுத்து, வாளியின் அளவைக் குறித்துவைப்பது நல்லது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. சுமை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. அது ரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். எடுக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு, நீரிழிவால் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தசைக்குப் புரதமும் வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. மீன், முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவையே போதும். டப்பாவில் வரும் மாவு தேவையில்லை.

இந்த வயதில் இதனால் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் மருத்துவமனை ஒன்றில் வசித்த தொண்ணூறு வயதையொட்டிய நலிந்த முதியவர்கள் பத்துப் பேருக்கு, மரியா பியட்டரோன் என்ற மருத்துவரின் குழு எட்டு வாரம் வலிமைப் பயிற்சி அளித்தது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதாக 1990-இல் அக்குழு அறிவித்தது. தசை, வயதைப் பார்த்துக் கதவடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஆய்வெதுவும் நடக்கவில்லை. பத்து மாதங்களில் நடந்தது இவ்வளவுதான்: என் மாத்திரைகள் நிற்கவில்லை, வயிறும் முழுதாகக் கரையவில்லை. ஆனால், 20 லிட்டர் குடிநீர்க் கேனை நானே தூக்கி மேடையில் வைக்கிறேன். அம்மா தலையணை இல்லாத நாற்காலியிலிருந்து, கையூன்றாமல் எட்டு முறை எழுகிறார். கழிவறைக்கு அவர் யாரையும் அழைப்பதில்லை. முதுமையில் மானத்தோடு வாழ்வது என்பது பல வேளைகளில் இவ்வளவு சிறிய செயலில்தான் அடங்கியிருக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. நடைப்பயிற்சிக்கென எட்டு கிலோமீட்டர் பாதைகளையும் அரசு அறிவித்தது. இரண்டும் பாராட்டுக்குரியவை. இவற்றோடு, விழுந்தபின் வரும் சிகிச்சை விழாமல் காக்கும் பயிற்சியாகவும் விரிய வேண்டும். மாத்திரை கொடுக்க வரும் ஊழியர், நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஊர்ப் பொதுக்கூடங்களிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் இந்த ஆறு அசைவுகளைக் கற்றுத்தரலாம். செலவு மிகக் குறைவு.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் பெரும்பாலும் அமர்ந்துதான் இருப்பீர்கள். கைகளை ஊன்றாமல் ஒருமுறை எழுந்து பாருங்கள். எளிதாக இருந்தால் இன்னும் ஏழு முறை. கடினமாக இருந்தால் ஒரு தலையணையைக் கொண்டுவாருங்கள்.